விரல் ஓரிடம், போன் வேறிடம்

போன வியாழக்கிழமை, நெமிலிச்சேரி ஸ்டேஷன் பெஞ்ச். என் போன் திடீரென்று இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டது!

சட்டைப் பையில் பட்டன்கள் அழுந்தி, பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதி ஆன் ஆகிவிட்டதாம். இது பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான் — மணி நாலே முக்கால். ஐந்துக்குள் மகளின் கவுன்சிலிங் ஆப்பில் 'லாக்' பட்டனை அமுக்க வேண்டும். ஒரு வாரம் யோசித்து, அவளே கல்லூரிகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்; லாக் செய்தால்தான் அந்த வரிசை உறுதியாகும். அவள் இருந்தது வேறொரு பரீட்சை ஹாலில்.

"ஒரே ஒரு பட்டன்தாம்பா... சொதப்பிடாத!" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

சொதப்பாமல் இருப்பேனா?

தட்டினேன். லாக் ஆகவில்லை. டபடபவென்று தட்டினேன். போன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பதற்றத்தில் யார் கேட்டது?

"இன்னா சார், 'மூவ் அப்'பையே தட்டிகினு கீறீங்க?"

பக்கத்தில் ஒருவர். கறுப்புக் கண்ணாடி, மடக்குக் குச்சி. அம்பத்தூரில் டெலிபோன் ஆபரேட்டராம், ஷிப்ட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்.

"இல்லீங்க, லாக்கைத்தான் தட்டறேன்."

"உங்க வெரலு லாக்ல கீது சார். போன் அங்க இல்ல. கடைசியா எத்த சொல்லிச்சோ அதுலதான் நிக்கும். நீங்க எங்க ரெண்டு தட்டு தட்டினாலும் அதான் வேல செய்யும். ஆறு தபா மேல ஏத்திட்டீங்க."

பார்த்தேன். மகள் ஒப்புக்குக் கடைசியாக, ஏழாவதாகப் போட்டிருந்த கல்லூரி முதலிடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது!

போனை வாங்கிக்கொண்டார். திரைப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஒரு விரலால் தள்ளத் தள்ள, போன் ஒவ்வொன்றாகச் சொல்லியது. பாதிச் சொல்லிலேயே அடுத்ததற்குத் தாவினார். 'மூவ் டவுன்' — ஆறு முறை. மகள் எழுதித் தந்த சீட்டை நான் படிக்க, போன் சொன்னதோடு அவர் ஒத்துப் பார்த்தார். அசந்துபோய்விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கவனத்தை நான் பார்த்ததில்லை.

நான் பார்க்கிற இடத்தில்தான் போனும் நிற்கிறது என்று இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறேன். அது எங்கே நிற்கிறது என்று ஒருமுறையாவது காது கொடுத்திருக்கிறேனா? என் மனைவியின் நெடுநாள் புகாரும் ஏறக்குறைய இதேதான்.

"இப்ப லாக்ல நிக்குது சார். நீங்க தட்றீங்களா, நான் தட்டட்டா?"

மணி நாலு ஐம்பத்தெட்டு. போன் பாஸ்வேர்டை வீட்டில்கூடச் சொல்லாதவன் நான். மகளின் நாலு வருஷப் படிப்பு இப்போது பேர்கூடக் கேட்காத ஒரு மனிதரின் விரல் நுனியில்...

"நீங்களே தட்டுங்க சார். என் கையை நான் நம்பறதா இல்ல."