எடைமேடையில் சந்தனம்

கீழ்பென்னாத்தூர் சாலையில் அப்பாசாமியின் எடைமேடையில் மதிவதனி ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். லாரி ஏறும், கம்ப்யூட்டரில் வண்டி எண்ணைத் தட்டுவாள், எடைச்சீட்டு வரும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவளுக்கு அந்த ஊர் கொடுத்த வேலை அதுதான்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை கீபோர்டில் நாலும் ஏழும் வேலை செய்யவில்லை. என்டரை அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தது. வயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே நிலக்கடலை மூட்டைகளோடு ஐந்து லாரிகள். டவுனில் கம்ப்யூட்டர் கடை ஒன்றும் திறக்கவில்லை.

அப்பாசாமி வந்தார். மெஷினைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, வீட்டுக்குத் தூரமா இருக்கியா?"

லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. டிரைவர் முருகையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மதிவதனிக்குக் காது மடல் சுட்டது. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவளிடம், ஊர் ஆம்பளைகளை நிற்க வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

"ஆமா மொதலாளி. நேத்தும், இன்னிக்கும்."

"அதான பாத்தேன். லட்சுமி குந்தற எடத்துல கைய வச்சா இப்டித்தான். நீ போ. நாளைலருந்து வேற ஆளு பாத்துக்கறேன். ஐயரக் கூட்டியாந்து தண்ணி தெளிக்கச் சொல்றேன்."

"தண்ணி தெளிச்சா மிச்சம் இருக்கற பட்டனும் போயிடும்."

மதிவதனி எழுந்திருக்கவில்லை. கொண்டை ஊசியை உருவி, நாலாம் எண் பட்டனை நெம்பி எடுத்தாள். அடியில் மஞ்சளாக, சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது சந்தனம். ஏழிலும் அதேதான். என்டரில் குங்குமமும் சேர்ந்து சேறாகியிருந்தது. நேற்று ஒரு பட்டன் விடாமல் பொட்டு வைத்து, மேலே பன்னீரும் தெளித்த கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். பூஜை முடியும்வரை அவள் ரோட்டோரம்தான் நின்றிருந்தாள். வர்ற லாரிகளை நிறுத்திவை என்று அங்கே நிற்கச் சொன்னவரும் அப்பாசாமிதான்.

சுரண்டினாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். ஈரம் காய்ந்ததும் பட்டன்களைப் பொருத்தி, முருகையன் வண்டியின் எண்ணைத் தட்டினாள். சீட்டு வந்தது.

"தீட்டுச் சீட்டுங்க, வாங்கிப்பீங்களா?"

"குடும்மா, நேரமாவுது" என்று முருகையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அப்பாசாமி அசடு வழியச் சந்தனக் கிண்ணத்தோடு கிட்டே வந்தார். "சரி, ஒரே ஒரு பொட்டு."

மதிவதனி கீபோர்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். "நாளைக்கு யாரு வரணும்?"

"நீதான் வாயேன்." முணுமுணுப்பாக வந்தது.

"கேட்டப்ப எல்லாருக்கும் கேக்கறாப்ல கேட்டீங்க. இதையும் அப்டியே சொல்லுங்க."

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அப்பாசாமி வாசல் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். அவள் கையை எடுத்தாள், கிண்ணத்தை வாங்கி ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள், அடுத்த வண்டியின் எண்ணைக் கேட்டாள்.