இடது கை தனம் அக்காவுடையது

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். வருஷக்கணக்கில் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்த கார்ப் பந்தய விளையாட்டு, கையில் வைத்து ஆடுகிற கன்சோலுக்கு ஒருவழியாக வந்துவிட்டதாம். கல்லூரிக்குப் போகிற பெண்தான். ஆனால் பெட்டியின் ஒட்டுத்தாளைப் பிரிக்கும்போது அவள் முகம் எட்டு வயதுக்குப் போய்விட்டது. புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை கூடமெல்லாம் பரவியது.

"அத்தே, மொத ரவுண்டு நீங்கதான். நீங்க பெரிய சேம்பியனாமே, அப்பா சொன்னாரு லா."

வாங்கினேன். வலது கட்டைவிரல் தானாகவே பொத்தானைத் தேடி அழுத்திக்கொண்டது. கார் சீறிக்கொண்டு கிளம்பியது. முதல் வளைவு வந்தது. என் இடது கட்டைவிரல் குமிழின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது, யாரோ ஓட்டுவார்கள் என்பது போல. கார் நேராகப் போய்க் கடலில் விழுந்தது. அண்ணன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, தேத்தண்ணி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அந்த இடது கை என்னுடையது இல்லை. அது தனம் அக்காவுடையது.

அப்போது நான் எங்கள் தீவில், சூலியா தெருவில் ஒரு பயண ஏஜென்சியில் வேலை பார்த்தேன். முதுகுப்பை வெள்ளைக்காரர்களுக்கு லங்காவிக்கும் தாய்லாந்துக்கும் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை. ஊரையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டு நான் மட்டும் எங்கேயும் போகாமல் இருந்தேன். போக முடியாது. இருபதுகளின் நடுவிலேயே எனக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானம், கெலுகோரில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த டயாலிசிஸ் மையத்துக்குப் போக வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு 'ரத்தம் கழுவுவது' என்று பெயர். முதலாளி பாய் நல்லவர். "நீ போய்க் கழுவிட்டு வாம்மா, கடை எங்கேயும் ஓடிடாது" என்பார், நான் ஏதோ முகம் கழுவிக்கொண்டு வரப்போகிற மாதிரி.

உள்ளே நுழைந்ததும் வினிகர் வாசனை அடிக்கும். இயந்திரங்களைச் சுத்தம் செய்கிற மருந்தின் வாசனை. இன்றைக்கும் யாராவது ஊறுகாய் போத்தலைத் திறந்தால் என் இடது கை தானாக அசையாமல் நின்றுகொள்ளும். அந்தக் கையில்தான் ஊசி. நாலு மணி நேரம் அதை அசைக்கக்கூடாது. வலது கை சும்மா இருக்கும்.

தனம் அக்கா என் வலப்பக்கத்து நாற்காலி. ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை செய்தவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். முதல் நாளே, "பசியாறிட்டியா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவர் பசியாறிய கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். அவருக்கு இடது கை நரம்பு முன்பே அடைத்துப்போய், வலது கையில் ஊசி குத்தினார்கள். அதனால் அவருடைய இயந்திரம் அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம். எங்களுக்கு நடுவில் ஒரு சின்ன சக்கர மேசை மட்டும்தான்.

இந்த விளையாட்டின் முந்தைய பாகத்துக்காக நான் அப்போது காத்திருந்தேன். நோய் வருவதற்கு முன் கார்ப் பந்தயத்தில் என்னை ஜெயிக்க அண்ணனால்கூட முடியாது. அடுத்த வருஷம் வரும் என்றார்கள். தள்ளிப்போட்டார்கள். மறுபடியும் தள்ளிப்போட்டார்கள். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு மையமே சேர்ந்து காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. எதிர் நாற்காலி லிம் அங்கிள் உள்ளே வரும்போதே "கேம் சுடா சம்பாய்?" என்பார். வந்தாச்சா என்று. "இன்னும் இல்ல அங்கிள்." "சீக்கிரம் லா. நமக்கெல்லாம் டைம் இல்ல." சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பில் சேராமல் இருப்பதற்கு எங்களுக்கெல்லாம் காரணம் இருந்தது. அங்கே ஒரு நாற்காலி காலியானால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். திங்கட்கிழமை இருந்தவர் புதன்கிழமை வரமாட்டார். அடுத்த வாரம் அதே நாற்காலியில் வேறு ஒருவர், புதுச் செருப்பும் பயந்த முகமுமாக உட்கார்ந்திருப்பார். நாங்கள் "பசியாறிட்டீங்களா?" என்று ஆரம்பிப்போம்.

விளையாட்டு வந்தது. வீட்டில் பிரிக்காமல் மையத்துக்கே கொண்டுபோனேன். லிம் அங்கிள் கை தட்டினார். ஊசி குத்தி, ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்த பிறகு, கன்சோலை மேசைமேல் நிறுத்தினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அங்கே நான் ஆடியதெல்லாம் ஒரு விரலால் கட்டைகளை நகர்த்துகிற விளையாட்டுகள். பந்தயத்துக்கு இரண்டு கை வேண்டும். இடது கை திருப்ப வேண்டும், வலது கை வேகத்தை அழுத்த வேண்டும். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஒரு வளைவுதானே என்று இடது கையைக் கொஞ்சம் மடக்கினேன். இயந்திரம் கூப்பாடு போட்டது. நர்ஸை அங்கே மிஸ்ஸி என்போம். மிஸ்ஸி ஓடிவந்து, "காடி ஓட்டணும்னா வெளிய போய் ஓட்டு! இங்க ரத்தம் ஓடணும்!" என்று மலாயும் தமிழும் கலந்து திட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு விளையாட்டுக்காக அழுகிற வயதில்லை. ஆனால் அந்த நோயில் எனக்கு அழுகை வந்ததெல்லாம் இப்படிச் சின்ன இடங்களில்தான்.

தனம் அக்கா சக்கர மேசையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"எங்கிட்ட ஒரு கை சும்மாதானே கெடக்கு."

அந்தக் கன்சோலின் இரண்டு பக்கத்துப் பிடிகளும் தனித்தனியாகக் கழன்று வரும். இடது பிடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். வலதை நான் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, காடி ஓட்டியிருக்கீங்களா?"

"எங்க? எங்க வீட்டுக்காரரு சாவிய எங்கிட்ட குடுத்ததே இல்ல. துணி தொவைக்கும்போது பாக்கெட்டுல கெடந்தா எடுத்து ஆணியில மாட்டுவேன். அவ்வளவுதான் நம்ம காடி ஓட்டுனது."

வீட்டுக்காரர் இறந்து, அந்தக் காரையும் விற்றாகிவிட்டது.

அன்றைக்கு நாங்கள் ஓட்டியதைப் பார்த்திருந்தால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பீர்கள். அக்கா குமிழைத் திருப்பாமல் கழுத்தைத் திருப்புவார். சுவரில் மோதினால் "சாரி பா" என்று சுவரிடம் சொல்வார். நானோ எல்லாவற்றையும் முழு வேகத்தில் அழுத்திப் பழகினவள். எங்கள் ஊரில் வேகம் கூட்டுவதை எண்ணெய் அமுக்குவது என்போம். "அலாமாக்! எண்ணெய் அமுக்காத, எண்ணெய் அமுக்காத!" என்று அவர் கத்த, மிஸ்ஸி வந்து இரண்டு பேருடைய ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, இனிமேல் சத்தம் வந்தால் பிடுங்கி வைத்துவிடுவேன் என்றார்.

அதனால் எங்களுக்குள் சத்தமில்லாத ஒரு பாஷை உண்டாயிற்று. நேர் ரோடு வந்தால் அக்கா மெதுவாக "அமுக்கு" என்பார். வளைவு வந்தால் "விடு". நான் விரலை எடுத்ததும் அவர் திருப்புவார். வளைவு முடிந்ததும் மறுபடி "அமுக்கு". மத்தியானமெல்லாம், இயந்திரங்களின் இரைச்சலுக்கு அடியில், இந்த இரண்டு சொல்தான். விடு, அமுக்கு. விடு, அமுக்கு.

விளையாட்டில் ஒரு கடலோரப் பாதை இருந்தது. அக்கா அதற்குத் தெலுக் பஹாங் ரோடு என்று பேர் வைத்தார். எங்கள் தீவைக் கரையோடு சேர்க்கிற பாலம் மாதிரியே நீளமான பாலம் ஒன்றும் உண்டு. அது வந்தால், "இப்படியே போனா பட்டர்வொர்த்து, அங்கேருந்து கெப்பாலா பத்தாஸ், மக வீடு" என்பார். ஒரே மகள். கல்யாணமாகி அங்கே இருந்தாள். நினைத்தபோது போய்த் தங்க அக்காவுக்கு இயந்திரம் விடாது. பாலத்தில் மட்டும் அவர் "விடு" என்று சொல்லிவிட்டு அப்படியே மறந்துவிடுவார். கார் மெல்ல ஊர்ந்து நின்றுபோகும். மற்ற கார்களெல்லாம் எங்களைத் தாண்டிப் பறக்கும்.

"அக்கா, ரேஸ் இது!"

"இருக்கட்டும் லா. கடலைப் பாரு."

வீட்டில் இரண்டு கையாலும் நான் ஆடியிருக்கலாம். ஆடவில்லை. அவர் இல்லாமல் ஆடுவது பக்கத்து வீட்டுச் சைக்கிளைக் கேட்காமல் எடுத்து ஓட்டுவது போல இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போனது. பிறகு, அண்ணனின் சிறுநீரகம் எனக்குப் பொருந்தும் என்று தெரிந்தது. அக்காவுக்குக் கொடுக்க யாரும் இல்லை. மகளுக்கே சர்க்கரை. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பந்தயம் நடுவில் இருக்கும்போது, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடு" என்றார். விட்டேன். திருப்பினார். "அமுக்கு" என்றார். அந்தச் சுற்றை முடித்த பிறகுதான், "எப்பம்மா?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம்."

"போ. போயிட்டா எங்களப் பார்க்க வரேன்னு மட்டும் இங்க வந்து நிக்காத. இங்க எல்லாருக்கும் இருமல் சளி. ஒனக்கு ஆகாது."

கன்சோலை அவரிடமே விட்டுப்போகிறேன் என்றேன். அவர் பிடியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எடுத்துட்டுப் போ தங்கச்சி. நான் திருப்புவேன். அமுக்குறது யாரு?"

கடைசி நாள் பாலத்தில் அவர் நிற்கவில்லை. அன்றைக்கு மூன்றாவதாக வந்தோம். எங்களுடைய ஒரே மூன்றாவது. லிம் அங்கிள் தன் நல்ல கையால் நாற்காலியை அடி அடியென்று அடித்தார். மிஸ்ஸிகூட ஒன்றும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பல மாதம் யாரையும் பார்க்காமல் அறைக்குள்ளேயே இருந்தேன். அக்காவோடு போனில் பேசுவேன். என் நாற்காலியில் ஓய்வுபெற்ற மலாய் வாத்தியார் ஒருவர் வந்திருக்கிறாராம். நல்ல மனுஷர், ஆனால் ஊசி குத்தினதும் தூங்கிவிடுகிறாராம். "கை சும்மா கெடந்து அரிக்குது" என்று சிரித்தார்.

தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது. அடக்கத்துக்கு டாக்டர்கள் என்னைப் போகவிடவில்லை. கூட்டம் ஆகாது என்றார்கள். பிற்பாடு உடம்பு தேறியதும் பாலத்தைத் தாண்டி கெப்பாலா பத்தாஸ் போனேன். மகள் வீட்டைச் சுற்றி வயல். அம்மாவின் படத்துக்கு முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது என்பது போல அந்தப் பெண் கேட்டாள்.

"அக்கா, அம்மா கடைசியா ஒரு சொல்லு சொன்னாங்க. 'விடு'ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி 'விடு'. எதை விடச் சொல்றாங்கன்னு எங்களுக்குத் தெரியல. நான் அவங்க கையப் புடிச்சிட்டு இருந்தேன். கைய விடச் சொல்றாங்களோன்னு விட்டுட்டேன். அது தப்பா அக்கா?"

என் வலது கட்டைவிரல் மடியில் அசைந்ததை அவள் பார்த்திருக்கமாட்டாள்.

"தப்பில்லம்மா. ஏதோ வளைவு வந்திருக்கும்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கார் ஓட்டினார் என்பதையே அவள் நம்பவில்லை. பாதியில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அதுக்கப்புறம் 'அமுக்கு'ன்னு சொல்லல அக்கா" என்றாள். அந்த வாக்கியத்தோடுதான் நான் திரும்பிப் பாலத்தில் ஏறினேன். இறங்கும்வரை இடது கையால் ஸ்டியரிங்கைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. தொட்டால் அங்கே வேறு ஒரு கை இருக்கும் என்று தோன்றியது.

அண்ணன் மகள் வந்துபோன மறுநாள், ஒரு வேலையாகக் கெலுகோர் பக்கம் போனேன். மையம் அங்கே இல்லை. எங்கோ பெரிய கட்டடத்துக்கு மாறிப்போனதாகக் கேள்வி. அதே கடைவீட்டில் இப்போது குளிர்பானக் கடை. பிள்ளைகள் ஆளுயரக் கிளாஸ்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சிறுநீரகம் வேலை செய்யாத எங்களுக்கெல்லாம் அப்போது ஒரு நாளைக்கு இத்தனை மடக்குத்தான் தண்ணீர் என்று கணக்கு. ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, செண்டோல் பற்றியும் கரும்புச் சாறு பற்றியும் மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். லிம் அங்கிள், அக்கா போன அடுத்த வருஷமே போய்விட்டார். வாத்தியாரும் போய்விட்டார். வாசல் பக்கத்து நாற்காலிக்காரர்களும் இல்லை, அவர்கள் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. மிஸ்ஸி அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனவர், பிறகு தகவல் இல்லை.

பெரிய கிளாஸாக ஒன்று வாங்கினேன். "ஐஸ் போடவா அக்கா?" என்று கேட்டாள் கடைப் பெண். நிறையப் போடச் சொன்னேன். எங்கள் நாற்காலிகள் இருந்த இடத்தில் ஒரு மேசை காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்து மெதுவாக, ஒரு சொட்டு மீதம் வைக்காமல் குடித்தேன். அந்த மத்தியானத்துக்காரர்களில் அப்படிக் குடிக்க முடிகிறவள் இப்போது நான் ஒருத்திதான்.