போர் போட்டுப் பார்த்த வீடு

ஓஸ்வால்டுக்குத் தன் வேலையை யாரிடமும் ஒரே தடவையில் விளக்க முடிந்ததில்லை. கட்டடம் எழுப்புவதற்கு முன்னால் மனையில் துளை போட்டு, எந்த ஆழத்தில் என்ன மண், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிற கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். பெங்களூர் வைட்ஃபீல்டில் இன்று நிற்கிற பல அபார்ட்மெண்டுகளின் அடிமண்ணை விரலால் நசுக்கிப் பார்த்த மனிதர். ஆனால் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தியதும் எல்லாத் தெருவிலும் ஜனங்கள் கேட்பது ஒன்றுதான். போர் போடறீங்களா, தண்ணி எத்தினி அடியில வரும்? இது தண்ணி போர் இல்லை, மண் போர் என்று அவரும் சலிக்காமல் சொல்வார்.

இந்த முறை ஸ்டாண்டு நின்றது ஈஜிபுராவில், அவருடைய சொந்த வீட்டை ஒட்டிய காலி மனையில். மனைக்காரர் நான்கு மாடி கட்டப் போகிறார். எதிர்வீட்டு பாமா கேட் அருகில் வந்து நின்றாள்.

"ஓஸ்வால்ட் அண்ணா, தண்ணி வந்தா எங்க வீட்டுக்கும் ஒரு பைப் உடச் சொல்லுங்க."

"இதுல மண்ணுதான் வரும். வேணும்னா ஒரு பக்கெட் தர்றேன், ரோஜாத் தொட்டியில போட்டுக்க."

"பேட, பேட, வேணாம். உங்க மண்ணு உங்களுக்கே இருக்கட்டும்."

காலையில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். திங்கட்கிழமை அவர் வீட்டில் மாடி எடுக்க சென்ட்ரிங் ஆட்கள் வருகிறார்கள். சின்ன வீடு, கீழே ஹாலும் சமையலறையும், மேலே படுக்கிற அறை. அதற்கு மேல் இன்னொரு மாடி எடுப்பதற்காக மொட்டை மாடியில் விட்டுவைத்த பில்லர் கம்பிகள் துருவேறி நின்றன. மகள் ஆஞ்சலா முழுகாமல் இருக்கிறாள். வைட்ஃபீல்ட் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் புருஷனோடு அந்தப் புது மாடிக்கு வந்துவிடுவதாகப் பேச்சு.

ஆப்பரேட்டர் சண்முகம் வேலையை ஆரம்பித்தான். ஹேமரைத் தூக்கித் தூக்கி ராடின் தலையில் போடுவார்கள். அது இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்பதுதான் மண்ணின் கெட்டி. முதலில் வந்தது கொட்டி நிரப்பிய மண். செங்கல் துண்டு, பிளாஸ்டிக், ஒரு செருப்பின் வார். அதற்குக் கீழே போனதும் சண்முகத்தின் கை நின்றது.

"அண்ணா, நான் இன்னும் அடிக்கவே இல்ல."

ராடு தன் பாரத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது, களியில் கரண்டி இறங்குவதுபோல. மேலே எடுத்தபோது ஒட்டியிருந்தது கறுத்த சேறு. சாக்கடை நாற்றம். நடுவில் மக்கிப்போன கோரை வேர். எப்போதோ ஏரித்தண்ணீர் நின்ற இடம். ஓஸ்வால்ட் நிமிர்ந்து தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

மனைவி ஜோசஃபின் சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜோசி, நம்ம வீடு கட்டறப்ப போர்ல பாறை வந்துச்சுன்னு போன்ல சொன்னியே. எத்தினி அடியில?"

"எனக்கென்னா தெரியும்? போர் போட்டுப் பாத்தாச்சு, கீழ பாறை, தைரியமா கட்லாம்னு மேஸ்திரி சொன்னாரு. உங்களுக்குச் சொன்னேன். நீங்களும் சரின்னீங்க."

அப்போது அவர் ஓசூரில் ஒரு சைட்டில் இருந்தார். போர் என்று காதில் விழுந்ததும் தன் தொழில் போர் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்.

"அது தண்ணி போரா?"

"பின்ன என்னா போரு? அந்தத் தண்ணியிலதானே குளிக்கறீங்க."

"கேசிங் பைப் எவ்ளோ எறக்கினாங்க?"

தளர்ந்த மண் சரியாமல் இருக்க, பாறை தட்டும்வரை இறக்குகிற பைப் அது. பைப் நீளமாகப் போனால் அவ்வளவு ஆழத்துக்குத் தளர்ந்த மண் என்று அர்த்தம்.

"அது நல்லா ஞாபகம் இருக்கு. கொண்டாந்த பைப்பெல்லாம் பத்தாம மறுபடி லாரிய அனுப்பி எடுத்தாந்தாங்க. எறங்கிக்கினே இருந்துச்சு, நானும் பாமாவும் சிரிச்சோம்." சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, என்னா?"

அவர் பாத்ரூம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மழையிலிருந்து அது சரியாகச் சாத்த வருவதில்லை. ஆசாரி வந்து ஒரு தடவை சீவினார். திரும்பவும் இறுகியது. சுவர் இறங்கினால் நிலை கோணும், கதவு இப்படித்தான் இறுகும்.

"ஈரத்துல ஊதிப்போச்சுன்னு ஆசாரி சொன்னாரே," என்றாள் ஜோசஃபின், மெதுவாக.

அவர் வெளியே போய், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்துவிட்டு அங்கே ஒரு துளை போடச் சொன்னார். சண்முகம் ஸ்டாண்டை அங்கே தூக்கி வந்தான். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் எந்த வீட்டுக்குள் எப்படிக் கேட்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. பிறகு அடி நின்றது. ராடு இங்கேயும் தானாக இறங்கியது. பில்லர் ஓரமாகத் தோண்டிப் பார்த்தார்கள். அஸ்திவாரம் அந்தக் கொட்டின மண்ணின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

போட்டோ எடுத்து ஆபீஸ் எஞ்சினியர் அனந்தபத்மநாபனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"மேல ஒரு கல்லுகூட ஏத்தாதீங்க ஓஸ்வால்ட். பக்கத்து மனையில நான் வந்து பாக்கற வரைக்கும் யாரும் தோண்டக்கூடாது. அந்தப் பக்கம் திறந்துவிட்டா சேறு சரியும்."

"வீட்ல இருக்கலாமா சார்?"

"ராத்திரி படுக்கறது மட்டும் வேற எடத்துல வெச்சுக்குங்களேன். சுவரெல்லாம் பாத்துட்டுச் சொல்றேன்."

ஆஞ்சலாவுக்குச் சொல்ல ஜோசஃபின்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆஞ்சி, மாடி வேணாம்டி. அப்பா மண்ணு பாத்துட்டாரு, சரியில்லயாம். வாடகை வீட்ட உட்டுறாத."

"மாடி போனா போகுது மம்மி. மாடியே தாங்காதுன்னா, அந்த வீட்ல நீங்க ரெண்டு பேரும் எப்படி இருப்பீங்க?"

"நாங்க..." ஜோசஃபின் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஹால்ல எடம் இருக்கில்ல? சாயந்திரம் வர்றோம்."

மாடியில் ஏதோ லேசாக முறிகிற மாதிரி ஒரு சத்தம். வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் தகர மூடி விரிந்ததாகவும் இருக்கலாம். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"இல்லடி, இப்பவே கிளம்பறோம்," என்றாள் ஜோசஃபின் போனில்.