வராண்டாவில் நின்றவன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு, குளிக்கலாமா, இன்னும் கொஞ்ச நேரம் பேப்பர் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புது நம்பர்.

“சார், வெள்ளிமலையிலேர்ந்து சுமதி பேசறேன். கரியராமன் பொண்ணு.”

கரியராமனா? எந்தக் கரியராமன்? யோசிக்கிற அவசரத்தில் எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது.

“உங்ககூட காலேஜ்ல படிச்சாரு சார். அப்பா தவறி ரெண்டு வருசம் ஆவுது. நீங்க எழுதி அனுப்பினதப் படிச்சேன். அத்தப் பத்திதான் பேசணும்.”

விஷயம் இதுதான். கள்ளக்குறிச்சியில் எங்கள் பி.ஏ. எக்கனாமிக்ஸ் செட் ஒன்றுகூடுகிறது. கல்லூரியை விட்டு நாற்பது வருஷம் ஆகப்போகிறது. இந்த மாதிரி விழாக்களில் முன்பெல்லாம் காபி, போட்டோ, சாப்பாடு என்று மூன்றே ஐட்டம்தான். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்துவிட்டது… காலமான நண்பர்களுக்கு அஞ்சலி. எங்கள் செட்டில் பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு சின்னக் குறிப்பு எழுதி மேடையில் வாசிக்க வேண்டும், குடும்பத்துக்கும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று முடிவானது. யார் எழுதுவது?

“நீதான் வாராவாரம் எழுதிக் கிழிக்கிறியே, நீயே எழுதுடா!” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எழுதினேன். உங்களிடம் ஒரு ரகசியம் சொல்லலாம் இல்லையா? பன்னிரண்டில் எட்டுப் பேருக்கு ‘சிரித்த முகம்’ என்று போட்டிருந்தேன். எங்கள் வகுப்பில் அத்தனை பேர் சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை! என் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய், சட்டை இல்லாமல் திரும்பி வந்த ஒரு மகானை ‘பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர்’ என்று எழுதியிருந்தேன். என்ன செய்வது? செத்துப்போனால் எல்லோரும் உத்தமர்கள்தான். நானும் ஒரு நாள் உத்தமன் ஆவேன் அல்லவா, அந்த சுயநலமும் கொஞ்சம் இருந்தது.

கரியராமனுக்கு மட்டும் இரண்டே வரி. ‘கல்வராயன் மலையிலிருந்து வந்து படித்தவர். அமைதியானவர், நல்ல மனிதர்.’ அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

“நல்லாத்தான் சார் எழுதியிருக்கீங்க,” என்றாள் சுமதி. அங்கே ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாம். அந்தப் பொறுமை குரலில் இருந்தது. “ஆனா நல்ல மனுசன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. காலேஜ்ல எப்பிடி இருப்பாரு, இன்னா பண்ணுவாரு… அந்த மாதிரி ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன். ஒண்ணே ஒண்ணு போதும்.”

எண்ணெய் இறங்கிய கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

“அம்மாவும் வராங்க சார். அவங்களுக்கு அப்பா மேல ஒரு கொற. அப்பா ஒரு வருசம் லேட்டாத்தான் டிகிரி வாங்கினாரு. அட்டெண்டன்ஸ் பத்தலன்னு பரீட்சைக்கு வுடலையாம். அந்த வருசம் சர்க்காரு வேலைக்கு ஆள் எடுத்தப்ப கையில டிகிரி இல்ல. அப்புறம் கடைசி வரைக்கும் சாமைக் காடும், சொசைட்டி கிளார்க் வேலையும்தான். ‘ஒழுங்கா கிளாசுக்குப் போயிருந்தா அந்த வருசம் வீணாயிருக்குமா’ன்னு அம்மா இன்னிக்கும் சொல்லும். நிஜமாவே ஊரு சுத்தினாரா சார்?”

“விசாரிச்சு சொல்றேம்மா,” என்று போனை வைத்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் என் கூடப் படித்தவனைப் பற்றி நான் யாரிடம் விசாரிப்பது? வெட்கமாக இருந்தது.

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். ‘கரியராமனைப் பற்றி யாருக்காவது ஏதாவது நினைவு இருக்கிறதா?’ மடமடவென்று பதில்கள் வந்தன. எல்லாம் கும்பிடும் கைகள். ஒருவர் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று போட்டு, பிறகு அழித்தார். சாயங்காலம் ஒரே ஒரு உருப்படியான கேள்வி வந்தது.

‘யாருப்பா அது? நம்ம வராண்டாவா?’

வராண்டா! ஆமாம்… வராண்டா!

முதல் ஹவர் எடுத்த எங்கள் பேராசிரியர் மணி அடித்ததும் கதவைச் சாத்துகிறவர். தாமதமாக வரும் மாணவனுக்கு உள்ளே இடம் கிடையாது. மாணவி என்றால் மட்டும் விதிவிலக்கு. பெண் பிள்ளைகளை வெளியே நிறுத்திவைப்பது அழகில்லை என்பது அவருடைய கொள்கை. மலையிலிருந்து இறங்கும் பஸ், ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கரியராமன் வராண்டாவில் நின்று, ஜன்னல் விளிம்பில் நோட்டை வைத்துப் பாடத்தை எழுதிக்கொள்வான். மழைக்காலத்தில் சாரல் அடித்தால் நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெறுமனே கேட்பான். முதல் ஹவர் இல்லையென்றால் அரை நாள் ஆப்சென்ட். முதல் இரண்டு வருஷம் எப்படியோ தப்பித்தான். மூன்றாம் வருஷம் மாட்டிக்கொண்டான்.

‘வராண்டா’ என்று அவனுக்குப் பெயர் வைத்த அறிவாளி யார் என்று கேட்காதீர்கள்.

சரி, நான்தான். வகுப்புப் பிரதிநிதியும் நான்தான். பரீட்சை எழுத முடியாதவர்கள் லிஸ்டை ஆபீஸிலிருந்து வாங்கிவந்து நோட்டீஸ் போர்டில் குத்தியதும் இந்தக் கைதான்.

அன்றைக்கு முழுவதும் அந்த வராண்டாவே கண்ணில் நின்றது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அதே நேரத்தில், மூச்சு வாங்க, இன்னொருவரும் வருவாரே! கச்சிராயபாளையத்துப் பெண், ஸ்டெல்லா. ஒரே பஸ். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து உட்காருவார். அவன் வெளியே நின்றுவிடுவான். மூன்று வருஷம் தினமும் பார்த்த காட்சி. என்றைக்காவது அதைப் பற்றி யோசித்தேனா? இல்லை.

ஸ்டெல்லா இப்போது ரிடயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ். எங்கள் குரூப்பில் சேர்ந்து ஒரே வாரத்தில் வெளியேறிவிட்டவர். தினம் நூறு ‘குட் மார்னிங்’ பூக்களை யார்தான் தாங்குவார்கள்? நம்பர் தேடிப் பிடித்து போன் செய்தேன். விழாவுக்கு வருவதாகச் சொன்னார். குடும்பக் கதையெல்லாம் பேசிவிட்டு, மெதுவாகக் கேட்டேன். கரியராமனை ஞாபகம் இருக்கிறதா? இறந்துபோய்விட்டான், அவன் மகள் கேட்கிறாள்…

“அவரு செத்துட்டாரா? எப்போ?”

“ரெண்டு வருஷம் ஆகிறதாம்.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. ஒன்று… இரண்டு… மூன்று. அடுப்பை யாரும் அணைக்கவில்லை.

“ஒரு தாங்க்ஸ் கூட சொல்லலியே…” என்றார்.

பிறகு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“கரும்பு வெட்ற ஆளுங்களுக்குக் கஞ்சி ஆக்கி வெச்சுட்டுத்தான் நான் வூட்ட வுட்டுக் கிளம்பணும். கால்வாக் கரைமேல ரெண்டு மைலு ஓட்டம். மலையிலேர்ந்து இறங்கற பஸ்ஸு ஒண்ணுதான் எனக்குத் தோது. எங்கப்பா சேக்கும்போதே கண்டிஷனா சொல்லிட்டாரு. பஸ்ஸ வுட்டுட்டு ஒரு நாளு நீ ரோட்டுல நின்னுக்கினு இருந்தேன்னு என் காதுல வுழுந்துச்சு, அன்னியோட படிப்பு முடிஞ்சுதுன்னு. மூணு வருசத்துல நான் ஒரு நாளு கூட பஸ்ஸ வுடல. என் ஓட்டத்தாலன்னா நினைக்கிறீங்க?”

“பின்னே?”

“நான் கரைமேல ஓடியாறது அவருக்கு ஜன்னல்ல தெரியும். உடனே செருப்பு வுழுந்துடுச்சுன்னு கீழ இறங்கிடுவாரு. இன்னொரு நாளு நோட்டு பறந்துடும். ஒரு நாளு காலு சுளுக்கிக்கிச்சுன்னு படியிலயே குந்திக்கினாரு. டிரைவரு ஆரன அடிப்பாரு, கண்டக்டரு கத்துவாரு. நான் ஏறினதும் காலு சரியாயிடும்!”

“உங்களுக்காகத்தான்னு எப்படித் தெரியும்?”

“கண்டக்டரே சொல்லிட்டாரே! ‘ஏம்மா, கொஞ்சம் வெரசா வா. தெனம் வுழுந்து வுழுந்து இந்தத் தம்பி செருப்பு தேஞ்சே போச்சு’ன்னு. பஸ்ஸே சிரிச்சுது. அவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாரு.”

“நீங்க பேசினதே இல்லையா?”

“எப்பிடிங்க பேசறது? பஸ்ஸுல பாதி எங்க ஊரு ஜனம். ஒரு வார்த்த பேசினா சாயங்காலத்துக்குள்ள எங்கப்பாவுக்குப் போயிடும். அது அவருக்கும் தெரியும். அதான் அவரும் பேசல. அந்த அஞ்சு நிமிசத்தாலதான் அவரு தெனம் வெளிய நின்னாரு. நான் உள்ள போய்க் குந்திக்குவேன். ஜன்னல் பக்கம் பாக்கக்கூட பயம். கடைசிப் பரீட்சை அன்னிக்கு யாரு இன்னா சொன்னாலும் பரவால்ல, ஒரு வார்த்த சொல்லிடணும்னு ஹால்ல தேடினேன். அவரு வரவே இல்ல.”

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நோட்டீஸ் போர்டில் குண்டூசி குத்திய விரல் அல்லவா!

நாம் யாரை ஞாபகம் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப்பாருங்கள். கல்லூரி எலெக்‌ஷனில் நின்றவன், மேடையில் பாடியவன், புல்லட்டில் வந்தவன்… இவர்களெல்லாம் இன்றைக்கும் நமக்கு அத்துப்படி. நமக்கு பஸ்ஸை நிறுத்திக்கொடுத்தவன் முகம்தான் மறந்துபோகிறது. எனக்கும் யாரோ நிறுத்திக்கொடுத்திருப்பார்கள். திருநாவலூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் சேர்ந்து, சட்டைப் பித்தானைக்கூட நேராகப் போடத் தெரியாத நான் டிகிரி வாங்கியது என் சாமர்த்தியத்தால் மட்டும் நடந்திருக்க முடியாது. ஆனால் யார் என்று தெரியவில்லை. தெரியாத அந்த ஆளுக்கு அன்றைக்கு ராத்திரி மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

சுமதிக்கு போனில் நான் எதையும் உடைக்கவில்லை. “அம்மாவை அவசியம் கூட்டிக்கொண்டு வாம்மா. சொல்வதற்கு ஆள் இருக்கிறது,” என்று மட்டும் சொன்னேன்.

விழா நாள். மூன்றாவது வரிசை ஓரத்தில் சுமதியும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மேடையேறி பதினொரு உத்தமர்களை வாசித்து முடித்தேன். பன்னிரண்டாவது தாளை எடுக்கவில்லை. அந்த இரண்டு வரியைக் கிழித்துப் போட்டிருந்தேன்.

“அடுத்தவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவருக்கு வராண்டா என்று பட்டப்பெயர் வைத்தவன் நான். அதற்காக இந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேச வேண்டியவர் ஸ்டெல்லா,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஸ்டெல்லா மேடைக்கு வரவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு நேராக மூன்றாவது வரிசைக்குப் போய், அந்த அம்மாளின் எதிரே நின்றுகொண்டு பேசினார். முப்பது வருஷம் வகுப்பெடுத்த குரல். செருப்பு விழுந்த கதைக்கு ஹாலே சிரித்தது. கால் சுளுக்கிய கதைக்கும் சிரித்தது. வராண்டா ஜன்னல் கதை வந்தபோது, அறுபது வயதுத் தடியன்கள் எல்லோரும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஸ்டெல்லா மைக்கைக் கீழே இறக்கி, “அவருக்குச் சொல்ல வேண்டியத உங்ககிட்ட சொல்றேங்க. ரொம்ப நன்றி,” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சுமதிதான் முதலில் பேசினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

“இப்பத்தான் புரியுது சார்! பஸ்ஸுல ஏறினா அப்பா உக்காரவே மாட்டாரு. தலைய வெளிய நீட்டி யாராவது ஓடியாறாங்களான்னு பாத்துக்கினே இருப்பாரு. ‘இருப்பா, இருப்பா, ஆளு வருது’ன்னு கத்துவாரு. எங்களுக்கு மானம் போவும். இன்னாத்துக்கு இந்த மனுசனுக்கு ஊரு வம்புன்னு அம்மா திட்டும்…”

அந்த அம்மாள் மட்டும் அழவில்லை. ஸ்டெல்லாவையே ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

“ஏம்மா… நீ அந்த வருசமே பாஸாயிட்டியா?”

“ஆயிட்டேங்க. ஒரே தடவையில. அப்புறம் பி.எட். முடிச்சு, டீச்சராயி, ஹெச்.எம். ஆயிதான் ரிடயர் ஆனேன்.”

வீணாய்ப் போன அந்த ஒரு வருஷத்துக்காகத் அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரை எத்தனை தடவை திட்டியிருப்பாரோ, அத்தனையும் அந்த முகத்தில் வந்து போயிற்று. மடியில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

“அப்ப சரி,” என்றார்.

இதற்குமேல் நான் ஏதாவது எழுதினால் அது அதிகப்பிரசங்கித்தனம்!