பிலிம் செலவு மிச்சம்

குழாயிலிருந்து வாளிக்குள் விழும் தண்ணீரை ரத்தினசாமி பதினோராவது தடவையாகப் படமெடுத்தார். வாயில் பல் தேய்க்கும் பிரஷ், இடுப்பில் தூக்கிக் கட்டிய லுங்கி, கழுத்தில் கேமராவின் வார். கேமராவின் முதுகிலுள்ள சின்னத் திரையில் தண்ணீரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், அழித்தார், மறுபடி எடுத்தார். குளிக்கக் காத்திருந்த மனைவி சொர்ணலதா தோளில் துண்டோடு நின்றாள். அந்தத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.

"வாளி நெறஞ்சு வழியுதுங்க."

"வழியட்டும் லதா, அதுதான் எஃபெக்டு" என்றார். பாதிச் சொல் நுரையாக வந்தது.

மைசூர் குவெம்பு நகரில் சொந்த வீடு, ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலை, வயது நாற்பத்திரண்டு. இப்படிப்பட்ட மனிதருக்கு இந்த 1999-ஆம் ஆண்டில் டிஜிட்டல் கேமரா எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் போயிற்று, ஒரு மணி நேரம் பதில் வரும். யாரும் கேட்காவிட்டாலும் வரும் என்பதுதான் கொடுமை. முடிவெட்டப் போனால் முடிவெட்டுகிறவரிடம், பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரரிடம், "முப்பத்தெட்டாயிரம்னா ஜாஸ்தின்னு தோணும், ஆனா ஸ்வல்ப யோசிச்சுப் பாருங்க" என்று கொஞ்சத்துக்குக் கன்னடம் கலந்து ஆரம்பித்துவிடுவார்.

லென்ஸைக் கழற்றிய கேமராவுக்குப் போட்டோக்காரர்கள் 'பாடி' என்பார்கள். இருபது வருஷத்தில் ரத்தினசாமி இரண்டு பாடி மாற்றியவர். ஒவ்வொரு தடவையும், "லென்ஸுங்கறது நெலம் மாதிரி லதா, அது நம்ம சொத்து. பாடி மட்டுந்தான் மாறும்" என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். அந்தச் சொத்து மூன்றும் ஈரம் தாக்காமலிருக்க ஒரு எவர்சில்வர் தூக்குக்குள் ஒரு படி பொன்னி அரிசிமேல் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது பாடி சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகன் சேகரன் கையில் வந்தது. பெட்டியைப் பிரித்த பிறகுதான் மனிதருக்குத் தெரிந்தது, அதன் லென்ஸைக் கழற்றவே முடியாது என்று. கால் மணி நேரம் திருகிப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு. மூணு லென்ஸைத் தூக்கிட்டு அலையற சொமை மிச்சம்" என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பிறவி. ஆனாலும் இன்றுவரை அதைப் பாடி என்றுதான் சொல்கிறார்.

பணம் வந்த வழி சொர்ணலதாவுக்குத் தெரியும். வீடு ரிப்பேர் என்று எழுதிக் கொடுத்து பி.எஃப்.-இலிருந்து எடுத்தது. சமையலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. ஒழுகுவதையும் படமெடுத்தார்.

அவருடைய பெரிய வாதம் ஒன்று உண்டு. பிலிம் வாங்க வேண்டாம், கழுவ வேண்டாம். எடுக்க எடுக்கப் படத்தின் விலை இறங்கும். அதனால் வீட்டில் அசையாத பொருளெல்லாம் படமாகிவிட்டது. இட்லிச் சட்டி, செருப்பு, பக்கத்து வீட்டுத் தென்னை, காலண்டர். "நாலாயிரத்து முன்னூத்தி நாப்பது படம் ஆச்சு. ஒண்ணு எட்டே முக்கால் ரூபாதான் விழுகுது. வருஷக் கடைசிக்குள்ள நாலு ரூபாய்க்குக் கொண்டாந்துருவேன்" என்கிறார். கேமராவுக்குள் போகும் அட்டை பன்னிரண்டு படம்தான் தாங்கும். எடுத்துச் சேமிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும். அது வீட்டில் இல்லை. ஆகவே பதின்மூன்றாவதை எடுக்க முதலாவதை அழித்தாக வேண்டும். நாலாயிரத்து முன்னூற்று நாற்பதில் இன்றைக்கு உலகத்தில் இருப்பவை பன்னிரண்டு. அதில் ஒன்பது வாளி!

"ஆனை வாங்கக் காசிருந்துச்சு, அங்குசம் வாங்க இல்லையாக்கும்" என்றாள் சொர்ணலதா ஒருநாள்.

"கம்ப்யூட்டரு வெலை எறங்குது. இப்ப வாங்கறவன் மடையன்" என்றார் ரத்தினசாமி.

பாட்டரி கதை தனி. நாலு பாட்டரி இருபது படத்தில் மூச்சை விட்டுவிடும். அதற்குச் சார்ஜர். சார்ஜருக்குச் சமையலறையில்தான் நல்ல பிளக் இருக்கிறதாம். காலையில் தேங்காயும் மிளகாயும் மிக்ஸியில் காத்திருக்க, பாட்டரிகள் படுத்திருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதையெல்லாம் சொர்ணலதா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது செப்டம்பரில். அரசுப் பெண்கள் விடுதிக்கு வார்டன் எடுக்கிறார்கள் என்று திங்கட்கிழமை விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தாள். கொள்ளேகாலத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள், கல்யாணத்துக்கு முன் சாமராஜநகரில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவை விட்டால் ஆயுசுக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மூன்று பாஸ்போர்ட் அளவுப் படத்தோடு பாரத்தைக் கொடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோவுக்குக் கிளம்பினாள். ரத்தினசாமி வாசலை மறித்தார்.

"ஏம்மா, வீட்டுல முப்பத்தெட்டாயிரம் ரூபா பாடி இருக்கறப்ப, நாப்பது ரூபா குடுத்து வெளிய எடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அது வாங்கினதே இதுக்குத்தானே!"

இதற்குத்தான் வாங்கினார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கும் தெரிந்தது. இருந்தும் மனசு இளகிவிட்டது. பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளை ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை. 'ஃபோகஸ்' பார்ப்பதற்கென்று காதையும் கொண்டையையும் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பச்சைப் பட்டுப் புடவை கட்டி, பீரோவில் தொங்கவிட்ட வெள்ளைப் போர்வைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம். ஜன்னலைத் திற, மூடு, தாடையை இறக்கு, இவ்வளவு இல்லை, சிரிக்காதே, ஏன் மொறைக்கிறே. கடைசியில் வெளிச்சம் சரியாக வந்தது, பாட்டரி போய்விட்டது.

புதன்கிழமை காலை வெயிலில் மறுபடி எடுத்தார். நன்றாகவே வந்திருந்தது. திரையில் கட்டைவிரல் நகத்தளவுக்குத் தன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது. "சரிங்க, இதக் காயிதத்துல எப்பக் குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

ரத்தினசாமி தலையைச் சொறிந்தார்.

வியாழக்கிழமை முழுக்க லீவு போட்டு, சரஸ்வதிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் காத்துக்கிடந்து, இருட்டும் நேரத்தில் ஒரே படம் மூன்று தடவை அச்சான ஒரு காகிதத்தோடு வந்தார். மை தீர்ந்துகொண்டிருந்த பிரிண்டர் போலிருக்கிறது. நெற்றியிலிருந்து மூக்குவரை நீலம், மூக்குக்குக் கீழே கோடு கோடாக ரோஸ். சொர்ணலதா அதைக் கையில் வாங்காமலே பார்த்தாள்.

"தூரத்துல வெச்சுப் பாரு. கலரு நேர்ல இருக்கறத விடத் தூக்கலா இருக்குது" என்றார்.

"இதுல எங்க ஊரு மாரியாத்தா மாதிரி இருக்கேன். வார்டன் வேலைக்கு வேண்டாம், கோயில் வாசல்ல உக்கார வெப்பாங்க" என்றாள்.

ஆனாலும் அதையே கத்தரித்து ஒட்டச் செய்துவிட்டார். வாதத்தில் அவரை வெல்ல ஆளில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அலுவலகத்தில் பாரத்தை வாங்கிய அம்மாள் படத்தைப் பார்த்தார், சொர்ணலதாவைப் பார்த்தார், பின்னால் கேமராவோடு நின்ற ரத்தினசாமியையும் பார்த்தார். "ஆகல்லம்மா" என்று கன்னடத்தில் சொல்லிப் பாரத்தைத் திருப்பித் தள்ளினார்.

"மேடம், இது டிஜிட்டல். இன்னும் பத்து வருஷத்துல எல்லாரும் இப்படித்தான்..." என்று ரத்தினசாமி கன்னடத்தில் ஆரம்பித்தார். சொர்ணலதா முடிக்க விடவில்லை. பாரத்தைப் பிடுங்கிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, சாலையைக் கடந்து எதிரிலிருந்த காளியப்பன் ஸ்டுடியோவுக்குள் நுழைந்துவிட்டாள். அந்த நடையை ரத்தினசாமி இதுவரை பார்த்ததில்லை. பின்னாலேயே ஓடினார்.

காளியப்பனுக்கு அறுபது வயதிருக்கும். "கண்ணு சிமிட்டாதீங்கம்மா" என்றார், ஒரு தடவை அமுக்கினார், "ஆச்சு, ஒரு மணி நேரத்துல ஆறு காப்பி தர்றேன்" என்றார். இவ்வளவுதானா என்று சொர்ணலதாவுக்கே நம்ப முடியவில்லை. ரத்தினசாமி அந்தப் பழைய கேமராவைச் சுற்றி வந்து, "இதோட பாடிய எப்பங்க மாத்துனீங்க?" என்று விசாரித்தார். "எதுக்குங்க மாத்தோணும்?" என்றார் காளியப்பன்.

நாலரைக்குப் பாரம் உள்ளே போனது. அந்த அம்மாள் முத்திரை குத்தி ரசீது கொடுத்ததும் சொர்ணலதா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள். ஆறு படத்தில் மூன்று மீதி இருந்தன.

ரத்தினசாமி பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "அதுல ஒண்ணு எனக்குக் குடு" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளிடம் அவள் படத்தைக் கேட்பது இதுவே முதல் தடவை. பாவி மனுஷன், உள்ளுக்குள் என்னமோ இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தாள். நான்கு நாள் கோபம் கால்வாசி இறங்கிற்று. ஒரு படத்தை எடுத்து, முந்தானையால் பதமாகத் துடைத்து நீட்டினாள்.

ரத்தினசாமி அதை மேல்படியில் நிறுத்திவைத்து, சாயாமலிருக்கப் பின்னால் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். கீழ்ப்படியில் மண்டியிட்டார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். "இப்பப் பாரு, நம்ம பாடியில இது எப்பிடி வருதுன்னு" என்றார். பிறகு ஒரு கண்ணை மூடியபடியே இடது கையை வீசி அவளை விலக்கினார்.

"ஸ்வல்ப அந்தாண்ட நகரு லதா. உன் நெழலு விழுகுது."