காதா, வருஷமா?

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போக நினைக்கும் நர்ஸ்களுக்கு ஓர் ஆங்கிலத் தேர்வு உண்டு. திருச்சியில் நான் அதை முதல்முறை எழுதியபோது ஒரே ஒரு சொல் என் காலை வாரிவிட்டது. எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாம் பாஸ். பேச்சில்தான் போயிற்று. தேர்வு வைக்க எதிரே உட்கார்ந்திருந்த அம்மா காதுவலிக்காரக் குழந்தையின் தாயாக நடிக்க, நான் நர்ஸாக விசாரிக்க வேண்டும். "எந்தக் காது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் ஒரு நொடி விழித்துவிட்டு, "இந்த வருஷம்தான்" என்றார். காதுக்கு இயர் என்று நான் சொன்னது அவருக்கு யியர், அதாவது வருஷம், என்று கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்றே நினைவில்லை.

எங்கள் பக்கம் இலையை "யில" என்போம், எலியை "யெலி" என்போம். எந்தச் சொல்லுக்கும் முன்னால் அந்த யகரம் வந்து நின்றுகொள்ளும். பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் எட்டு வருஷமாக எத்தனையோ பேர் காதில் சொட்டு மருந்து விட்டிருக்கிறேன். காது என்பதை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை என்றால் யாரிடம் போய் அழுவது?

மறுபடி எழுத ஒரு மாதம்தான் இருந்தது. இதிலும் போனால் இங்கிலாந்தில் எனக்காக வைத்திருந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். முன்பு என்னோடு வேலை பார்த்துவிட்டு இப்போது அங்கே இருக்கும் ஒரு நர்ஸ், போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மைக்கைத் தொட்டு ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். தப்பு என்றால் சிவப்பு, சுமார் என்றால் மஞ்சள், சரி என்றால் பச்சை. அதைப் போட்ட நாளோடு என் நிம்மதி போயிற்று.

எங்கள் வீடு அரியலூரில். கணவருக்கு அங்கேயே சிமென்ட் ஆலையில் வேலை. நான் தினமும் பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய் வருவேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மறந்துவிடக் கூடாதென்று காதைப் பிடித்துக்கொண்டே "இயர், இயர்" என்று முணுமுணுப்பேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"காது வலியா பாப்பா? செட்டிகுளம் முருகனுக்குத்தான் போறேன். ஒனக்கும் சேத்து வேண்டிக்கிறேன்."

மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் எந்த வேண்டுதலையும் விடுகிற நிலையில் நான் இல்லை.

இரண்டு வாரத்தில் மருத்துவமனையில் பச்சை வர ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் துணி அடுக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வேன். பத்துக்கு ஒன்பது பச்சை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே வாயால் அதே சொல்லைச் சொன்னால் சிவப்பு. மறுபடி சிவப்பு. ஃபேன் சத்தமோ என்று அதை நிறுத்தினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளோ என்று ஜன்னலை மூடினேன். வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். ஒருநாள் நெஞ்சு படபடக்க, என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். நூற்றுப் பத்து.

"ஆஸ்பத்திரில வருது, வூட்ல வரலன்னா, வூடுதான் ஒனக்கு ஆவல போலருக்கு" என்று சிரித்தார் கணவர்.

"சிரிக்காதீங்க. பெயிலானா ஒங்களுக்கா அவமானம்?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அன்றைக்கு அவர் தும்மினதற்குக்கூடத் திட்டு வாங்கினார்.

வீட்டில் திட்டு வாங்காத ஒரே ஆள் எங்கள் மகள். யு.கே.ஜி. படிக்கிறாள். நான் போனை எடுத்தால் வரைகிற நோட்டோடு வந்து என் தொடையை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். எவ்வளவு சமர்த்து என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. செயலியில், நாம் பேசியதை நாமே கேட்க ஒரு சின்ன ஒலிபெருக்கிப் படம் இருக்கும். என் குரலைக் கேட்பது எனக்குப் பிடிக்காது என்பதால் அதை ஒருநாளும் தொட்டதில்லை. அன்று சாயங்காலம் தொடர்ந்து ஏழு சிவப்பு வந்த ஆத்திரத்தில் தொட்டேன். "இயர்" என்றது என் குரல். சுத்தமாக இருந்தது. அதன் மேலேயே, மூச்சு விடுகிற மாதிரி ஒரு குட்டிக் குரல், "யியர்."

அதற்கு முந்தியதைப் போட்டேன். அதிலும் இருந்தது. ஏழிலும் இருந்தது.

"நீயாடி?"

மகள் நோட்டைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. சிவப்பு க்ரேயான் மட்டும் நின்றது.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பச்ச வந்தா நீ ப்ளேன்ல போயிடுவல்ல. ஒரு வருஷம் வரமாட்டியாம். அப்பா சொன்னாரு."

கோபத்தில் கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டேன். ஒரு மாதமாக எதற்குப் பயந்தேனோ அந்தப் பயம் சட்டென்று வேறு இடத்துக்கு மாறிவிட்டது. தேர்வில் தோற்றுவிடுவேன் என்றுதான் அதுவரை தூக்கம் கெட்டிருந்தேன். பாஸாகிவிடுவேன் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன். ஆனாலும் மைக்கை நோக்கித்தான் விரல் போயிற்று. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"இந்த ஒருவாட்டி சும்மா இரு கண்ணு" என்றேன்.

அவள் க்ரேயானைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

பச்சை வந்தது.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் எட்டிப் பார்த்தாள். பொத்திய கையை எடுக்காமலே, விரல் இடுக்கு வழியாகக் கேட்டாள்.

"இன்னிக்கேவாம்மா?"