ஹுவே குளக்கரையில் எடுத்த படம்

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், என்னோடு தையல் வேலை செய்யும் வியட்நாம்காரி லான் அக்கா, காலையில்தான் கழுவி எடுத்த போட்டோக்களை மேசையில் பரப்பினார். இருபது வருடத்துக்குப் பிறகு தன் ஊரான ஹுவேக்குப் போய் வந்திருக்கிறார்.

கோட்டை வாசல், மன்னர்களின் கல்லறைத் தோட்டங்கள், மூடுபனி சூழ்ந்த மலை.

ஒரு படத்தில், தாமரைக் குளத்து மண்டபத்தில் நீண்ட மர வாங்கில், ஒரு ஓரமாக அக்கா உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அக்கா உப்பிடி ஒதுங்கி இருக்கிறியள்?"

"மற்றப் பக்கம் அவரின்ரை இடம். கலியாணத்துக்கு முதல் அங்கைதான் சந்திப்பம்."

அக்காவின் கணவர், போரில் தோற்ற தெற்கு வியட்நாம் ராணுவத்தில் இருந்தவர். பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அக்காவோடு போகவில்லை.

மாலையில் அக்காவைக் கூட்டிப்போக வந்த அவர், காருக்குப் பக்கத்தில் நின்றே அந்தப் படத்தைப் பார்த்தார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "குளத்திலை தண்ணி குறைவு. மழைக்குப் பிறகு நாங்கள் ரெண்டுபேரும் போகவேணும்."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கும் அப்படி ஓர் இடம் நினைவுக்கு வந்தது. எதுவென்று எழுத மாட்டேன், என் கணவரும் இந்த மின்னஞ்சல் குழுவில் இருக்கிறார். நீங்கள் முதலில் உங்கள் இடத்தைச் சொல்லுங்கள்.